தாழை வீட்டுத் தாழ்ப்பாள்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், கப்பல்கள் காற்றை மட்டுமே நம்பிப் போன நாட்களில், கடலோரத்தில் வெண்சங்குப்பட்டினம் என்றொரு ஊர் இருந்தது. அந்த ஊரில் தாழை என்ற பெண்ணும் அவள் கணவன் ஏலேலனும் வாழ்ந்தார்கள். ஏலேலன் கப்பலோட்டி. தாழை அதிகம் பேசமாட்டாள். பேசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் அந்த ஊருக்குச் சங்குகர்ணன் என்ற மந்திரவாதி வந்தான். தன்னை மந்திரவாதி என்று அவன் சொல்லிக்கொள்ளவில்லை. வித்தை தெரிந்த வியாபாரி என்றான். அவன் தலைப்பாகை காது மறைய இறங்கியிருந்தது. வீட்டுக்கு மூன்று பொருள் கொடுத்தான். ஆள் வந்ததும் தானே எரியும் விளக்கு. பசிக்கும் முன்பே தானே மூளும் அடுப்பு. வீட்டார் குரல் கேட்டதும் தானே திறந்து, கேட்டால் பதிலும் சொல்லும் தாழ்ப்பாள்.

விலை என்ன என்று கேட்டார்கள்.

"விலையா? வீட்டில் ஒரு மூலை கொடுங்கள், போதும். இவற்றுக்குப் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாடிவிடும்" என்றான்.

செடிக்குத் தண்ணீர் மாதிரி என்று ஊரார் நினைத்துக்கொண்டார்கள். கசக்குமா இனாம்? எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது, அடுப்பு மூண்டது, தாழ்ப்பாள் திறந்தது. பக்கத்து வீட்டு வடிவாள் அக்கா, தான் கொட்டாவி விட்டாலே விளக்கு அணைந்துவிடுகிறது என்று தெருவெல்லாம் பெருமை பேசினாள்.

யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. ஊருக்கு வெளியே குன்றில் ஒரு குகை. குகைக்குள் வீட்டுக்கு ஒரு சங்கு. எந்த வீட்டில் யார் என்ன பேசினாலும், விளக்கும் அடுப்பும் தாழ்ப்பாளும் அதைக் கேட்டு அந்த வீட்டுச் சங்கில் கொண்டுபோய் ஊற்றின. சங்குகர்ணன் ஒவ்வொரு சங்காக எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான்.

சில நாளில் வடிவாள் அக்கா வீட்டு அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த கழுத்துச் சங்கிலி காணாமல் போனது. அது இருந்த இடம் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் மட்டுமே தெரியும். நீதான் உன் அண்ணனிடம் சொன்னாய் என்று அவர் கத்தினார். நீங்கள்தான் கள்ளுக்கடையில் உளறினீர்கள் என்று இவள் கத்தினாள். நடுவில் விளக்கு, இரண்டு பேர் முகத்துக்கும் நன்றாக வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் சந்தேகப்படவில்லை.

மழைக்காலம் வரும் முன் ஏலேலன் கப்பல் ஏறினான். மூன்று மாதத்தில் வருகிறேன் என்று சொல்லிப் போனான். மூன்று மாதம் போனது. ஆறு மாதம் போனது. கப்பல் வரவில்லை.

அந்தி சாயும்போதெல்லாம் தாழை விளக்கின் முன் உட்கார்ந்து பேசினாள். மனிதர்களிடம் அத்தனை பேச அவளுக்குக் கூச்சம். விளக்கிடம் என்ன கூச்சம்? கல்யாணத்தன்று தான் மாம்பழ நிறச் சேலையில் இருந்ததைச் சொன்னாள். முதல் நாள் தான் வைத்த நெத்திலிக் குழம்பில் உப்பு கூடிப்போனதைச் சொன்னாள். கப்பல் கிளம்பியபோது அவர் மேல்தட்டில் நின்று, கரை மறையும் வரை தன்னையே திரும்பிப் பார்த்துக்கொண்டு போனதைச் சொன்னாள். அதை மட்டும் மறுபடி மறுபடி சொன்னாள். சொல்லிவிட்டு, இரண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டு, ஒருத்தியாகச் சாப்பிட்டாள்.

குகையில் சங்குகர்ணன் இதையெல்லாம் கேட்டான். முதலில் சிரித்துக்கொண்டே கேட்டான். பிறகு சிரிப்பு வரவில்லை. மற்ற சங்குகளை எடுப்பதையே விட்டுவிட்டான். அவனுக்காக யாரும் ஒரு நாளும் இப்படிக் காத்திருந்ததில்லை. அந்த ஏக்கம் முழுவதும் தனக்கே வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்தது.

ஏலேலன் தாழ்ப்பாளிடம் பேசிய குரல் சங்கில் இருந்தது. அதை எடுத்துத் தன் தொண்டையில் ஊற்றிக்கொண்டான். அதே நொடியில் எங்கோ நடுக்கடலில் உண்மையான ஏலேலனின் குரல் அடைத்துக் கரகரத்துப்போனது. அடுத்து அவன் உருவத்தையும் எடுத்துக்கொண்டான். ஆனால் அந்த மந்திரத்தில் ஒரு கட்டு உண்டு. அன்பு வைத்தவள் தன் வாயால் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் உருவம் சங்குகர்ணனுக்கே நிலைக்கும். உண்மையான ஏலேலன் கடல் நுரைபோலக் கரைந்துபோவான். உண்மையானவனையே அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் மந்திரம் முறிந்துவிடும்.

ஒரு மழை நாள் பிற்பகலில் வாசலில் அந்தக் குரல் கேட்டது. "தாழ்ப்பாளே, திற."

தாழ்ப்பாள் திறந்தது. விளக்கு எரிந்தது. அடுப்பு மூண்டது. தாழை ஓடிவந்து பார்த்தாள். அவரேதான். நெற்றித் தழும்பு, சிரிக்கும்போது சாயும் தலை, எல்லாம் அவரேதான். அவளுக்கு அழுகைதான் வந்தது.

அவன் அவள் கேட்க ஏங்கியதையெல்லாம் சொன்னான். மாம்பழ நிறச் சேலையைச் சொன்னான். நெத்திலிக் குழம்பைச் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடேன்" என்றான்.

அவள் வெட்கத்தில் தலை குனிந்துகொண்டாள். அந்த ஊரில் எந்தப் பெண்ணும் கணவன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். 'அவர்' என்பாள், 'வீட்டுக்காரர்' என்பாள், 'என்னங்க' என்பாள். இத்தனை நாள் விளக்கிடம் பேசியபோதும் அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எல்லாச் சங்கிலும் பேச்சையே தேடிய சங்குகர்ணனுக்கு, பேசாமல் விட்ட அந்த ஒன்று தெரிந்திருக்கவில்லை.

சோறு போடும்போது மறுபடி கேட்டான். சிரித்து மழுப்பினாள். கை கழுவும்போது மூன்றாம் முறை கேட்டான். ஏன் இப்படிப் பிடிவாதம் என்று அவள் நிமிர்ந்து பார்த்தபோது, கதவை யாரோ தட்டினார்கள்.

"தாழை, நான்தான்" என்றது ஒரு குரல். ஈர மரத்தை ரம்பத்தால் அறுப்பது போன்ற குரல்.

"இந்தக் குரல் எனக்குத் தெரியாது" என்றது தாழ்ப்பாள்.

"யாராவது பிச்சைக்காரனாக இருக்கும். திறக்காதே" என்றான் உள்ளே இருந்தவன்.

தாழை கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். தாடியும் கந்தலுமாக ஒருவன் மழையில் நின்றான். முகமே தெரியவில்லை. ஆனாலும் அவளுக்கு என்னவோ செய்தது. திற என்று தாழ்ப்பாளிடம் சொன்னாள்.

"எஜமானர் வேண்டாம் என்கிறார்" என்றது தாழ்ப்பாள்.

தன் வீட்டுக் கதவு தன் சொல்லைக் கேட்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே இருப்பவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். இரண்டு பேரிடமும் மூன்று கேள்வி கேட்கப்போவதாகச் சொன்னாள்.

முதல் கேள்வி. கல்யாணத்தன்று நான் என்ன சேலை?

"மாம்பழ நிறம்" என்றான் உள்ளே இருந்தவன்.

"பச்சையோ? நான் எங்கே பார்த்தேன், குனிந்த தலை நிமிரவில்லை. உன் கால்விரல் மருதாணி மட்டும் ஞாபகம்" என்றான் வெளியே நின்றவன்.

இரண்டாம் கேள்வி. முதல் நாள் குழம்பு எப்படி இருந்தது?

"நெத்திலிக் குழம்பு. உப்பு கொஞ்சம் கூட" என்றான் உள்ளே இருந்தவன்.

"நன்றாகத்தானே இருந்தது" என்றான் வெளியே நின்றவன்.

உள்ளே இருந்தவன் சிரித்தான். "பார்த்தாயா? அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை."

தாழை கதவின் பக்கம் திரும்பினாள். மூன்றாம் கேள்வியைக் கேட்டாள். கப்பல் கிளம்பியபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?

"மேல்தட்டில் நின்று, கரை மறையும் வரை உன்னையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றான் உள்ளே இருந்தவன். எவ்வளவு இனிமையான குரல் அது.

வெளியே மழைச் சத்தத்துக்கு நடுவில் கரகரத்த குரல் மெதுவாகச் சொன்னது: "திரும்பிப் பார்க்கலை, தாழை. கீழ்த்தட்டுல போய் மூட்டைகளுக்கு நடுவுல உக்காந்துட்டேன். பார்த்திருந்தா குதிச்சிருப்பேன்."

தாழைக்கு அந்த நாள் கண்முன் வந்தது. அன்று மேல்தட்டில் அவளுக்கு யாருமே தெரியவில்லை. கண் வலிக்க வலிக்கத் தேடியும் யாரும் இல்லை. அந்த வலி தாங்காமல்தான் அவர் பார்த்ததாக விளக்கிடம் சொன்னாள், சொல்லிச் சொல்லித் தானே நம்பினாள். உள்ளே இருப்பவன் திருப்பிக் கொடுப்பது அவளுடைய பொய்யைத்தான். சேலையும் குழம்பும்கூட அவளுடைய வார்த்தைகள். விளக்கைத் தவிர அவற்றை யாரும் கேட்டதில்லை.

ஒரு நிமிடம் அந்தப் பொய்யோடே இருந்துவிடலாமா என்றுகூட அவளுக்கு இருந்தது. அவ்வளவு நாள் ஏங்கியிருந்தாள்.

பிறகு மூடிய கதவில் நெற்றியைச் சாய்த்து, வாழ்க்கையில் முதன்முறையாக, ஊர் கேட்கக் கூப்பிட்டாள்: "ஏலேலா!"

உள்ளே நின்ற உருவம் ஈர மணல்போலச் சரிந்தது. தலைப்பாகை உருண்டது. சங்குபோலப் பெரிய காதுகளோடு ஒரு சிறிய மனிதன் தரையில் உட்கார்ந்திருந்தான். குன்றில் சங்குகள் ஒவ்வொன்றாக வெடித்தன. அவற்றில் அடைபட்டிருந்த பேச்செல்லாம் கடற்புறாக்கூட்டம்போலப் பறந்துவந்து அவரவர் வீட்டில் இறங்கியது. விளக்கு வெறும் விளக்காயிற்று. அடுப்பு வெறும் அடுப்பாயிற்று. தாழ்ப்பாள் வெறும் இரும்பாயிற்று. தாழை அதைத் தன் கையால் இழுத்துத் திறந்தாள்.

"என்னிடம் யாரும் அப்படிப் பேசியதே இல்லை" என்றான் சங்குகர்ணன்.

"எங்கிட்டயும் நீங்க பேசலை. ஒட்டுத்தான் கேட்டீங்க" என்றாள் தாழை.

அவன் எழுந்து மழையில் இறங்கிப் போனான். போகப் போக அவன் காதுகள் சிறுத்து, எல்லோர் காதுகளையும் போல ஆகிவிட்டதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். சங்குகள் வெடித்த சத்தத்தைத் தொடர்ந்துபோய், குகையில் கிடந்த நகைகளை ஊரார் எடுத்துவந்தார்கள். வடிவாள் அக்காவும் அவள் புருஷனும் சங்கிலியை நடுவில் வைத்துக்கொண்டு, யார் முதலில் மன்னிப்புக் கேட்பது என்று இன்னொரு சண்டை போட்டார்கள்.

ஏலேலன் உள்ளே வந்து இருமினான். இருமலோடு அவன் பழைய குரல் வந்துவிட்டது. தாழை விறகோடும் புகையோடும் போராடிக்கொண்டிருந்தாள். கொட்டாங்கச்சியில் நெருப்புக் கங்கு எடுத்துக்கொண்டு வடிவாள் அக்கா வந்தாள்.

"ஏண்டி, வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டியாமே? தெருக்கோடி வரைக்கும் கேட்டுது."

தாழையின் முகம் அந்த நெருப்பைவிடச் சிவந்தது. ஆனால் தலையைக் குனியவில்லை.

"கேட்கட்டும்னுதான் கூப்பிட்டேன், அக்கா" என்றாள். அக்கா போனதும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

உள்ளே அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நல்லபடியாக வாழ்ந்தார்கள் என்பது மட்டும் தெரியும்.