அவலாஞ்சிப் பனியில் அமலனின் போன்

"'ஒரே ஒரு காலைக்கு ஒரு போனை நம்பிக் கொடுக்க முடியலேன்னா அப்புறம் என்ன குடும்பம்?' இதுதானே தம்பி நீங்க சொன்னது? ஒரு வார்த்தை விட்டுப்போகாம சொல்லிட்டேனா?" என்று கேட்டுவிட்டு எமல்டா இட்லிப் பானையின் மூடியைத் தூக்கினாள். ஆவி கிளம்பி ஊட்டியின் டிசம்பர் மாலையைச் சமையலறை ஜன்னலில் நீராக வழியவிட்டது.

"சொன்னதுதான் அண்ணி. வருத்தத்துல சொன்னேன்," என்றான் அமலன். எமல்டாவின் கணவன் சகாயத்துக்குத் தம்பி. நாற்பது வயதில் சைக்கிள் சங்கத்தில் சேர்ந்து, அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்கும் இறுக்கமான கறுப்புக் கால்சட்டையிலேயே வந்து நிற்பவன்.

அவன் வருத்தம் இதுதான். அவலாஞ்சி வரை சைக்கிளில் போய்த் திரும்பினால் சங்கம் நீல ஜெர்சி கொடுக்கும். போன வழி மொத்தமும் போனில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லை என்றால் போகவே இல்லை என்றுதான் கணக்கு. போன ஞாயிறு அமலன் உண்மையாகவே போய் வந்தான். போன்தான் பாதி வழியில் உயிரை விட்டது. நாளை கடைசி வாய்ப்பு. அண்ணனிடம் இருப்பதோ பட்டன் போன். ஆகவே எமல்டாவின் போன். அதிலோ கோயில் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் மெட்டு அத்தனையும் இருந்தது; நாளைக் காலைப் பூசை முடிந்ததும் பயிற்சி.

"உங்க போனே குளிர்ல செத்துப்போச்சு. என் போன் மட்டும் என்ன, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா பிறந்தது?"

"அது விபத்து அண்ணி. குளிர்ல போனைக் காப்பாத்துறது எப்படின்னு சங்கத்துல எல்லாரும் என்கிட்டதான் கேப்பாங்க."

உறைத் தயிர் வாங்க டம்ளரோடு வந்திருந்த பக்கத்து வீட்டுக் கமலவேணி, இதைக் கேட்டதும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"போனை ஹேண்டில்ல மாட்டவே கூடாதுக்கா," என்று அமலன் அவள் பக்கம் திரும்பினான். "எதிர்க்காத்து பட்டா சார்ஜ் சரசரன்னு இறங்கிடும். பனியனுக்குள்ள, நெஞ்சோட ஒட்டி வைக்கணும்."

இதுவரை சரி என்று எமல்டாவுக்கே தோன்றியது. ஆனால் சரியான இடத்தில் பிரேக் பிடிக்கும் பழக்கம் அமலனுக்குச் சைக்கிளிலும் கிடையாது, பேச்சிலும் கிடையாது.

"என் நெஞ்சுல வச்சா இறங்காதது மட்டுமில்ல, ஏறும். நாற்பதுல வச்சேன். வழியில எமரால்டு ஊரைத் தாண்டி எடுத்துப் பார்த்தா எழுபது."

"எங்க வீட்டு இன்வர்ட்டரையும் ஒரு தடவை கட்டிப்பிடிச்சுட்டுப் போங்களேன்," என்றாள் கமலவேணி.

"சின்ன இன்வர்ட்டர்னா பார்க்கலாம்," என்றான் அமலன், சிரிக்காமல். "லைட்டுதான் கஷ்டம். அன்னிக்கு இருந்த குளிருக்கு சைக்கிள் லைட்டோட வெளிச்சம் அப்படியே விறைச்சுப்போச்சு. நான் வளைவுல திரும்புறேன், அது நேரா நிக்குது. கடைசியில ஒடிச்சுப் போட்டுட்டுத்தான் திரும்ப முடிஞ்சது. பின்னால வந்த காய்கறி லாரிக்காரர் அதை எடுத்து முன்னால கட்டிக்கிட்டுப் போனார். அவருக்கு ஒரு பக்கம் பல்பு இல்ல."

"உங்களுக்கு ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கலையா?" என்றாள் எமல்டா.

"பையில கொஞ்சம் கொண்டுவந்தேன் அண்ணி. வீட்டுக்குள்ள வந்ததும் உருகிடுச்சு."

கூடத்தில் சகாயத்தின் செய்தித்தாள் ஒருமுறை அசைந்து நின்றது.

"பவர் பேங்கும் கல்லாட்டம் உறைஞ்சுபோச்சு. நான் பதறல. ரோட்டோரம் ஒரு காட்டெருமை படுத்திருந்தது. மெதுவா அது மூக்குக்கு முன்னால வச்சேன். அந்த மூச்சு இருக்கே, அடுப்பு மாதிரி. நாலு மூச்சுல பச்சை விளக்கு எரிய ஆரம்பிச்சிடுச்சு. பாதியில எடுக்கப் போனேன், ஒரு பார்வை பார்த்தது பாருங்க, 'முழுசா ஏறட்டும், என்ன அவசரம்'னு. உட்கார்ந்துட்டேன்."

"நல்ல மாடு," என்றாள் கமலவேணி. "எங்க வீட்டு ரோஜாச் செடியை மட்டும் ஏன்தான் தின்னுட்டுப் போகுதோ."

"இதைவிட ஒண்ணு நடந்தது, சொன்னா நம்ப மாட்டீங்க."

"இதுவரை நம்பினோம்னு யார் சொன்னது?" என்றாள் எமல்டா.

"போன்ல இருக்கிற கடிகாரம் குளிர்ல சுருங்கிடுச்சு அண்ணி. இங்க ஆறரைக்குக் கிளம்பினேன். அவலாஞ்சியில இறங்கிப் பார்க்கிறேன், மணி ஆறேகால்."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சகாயத்தின் குரல் மட்டும் வந்தது. "அப்ப ஆறரைக்கு இங்க கிளம்பினது யாருடா?"

"அதுவும் நான்தான் அண்ணா. இதை எப்படிச் சங்கத்துல நிரூபிக்கிறது? அதுக்குத்தான் பதிவு வேணும், போன் வேணும்னு கெஞ்சுறேன்."

எமல்டா கரண்டியைக் கீழே வைத்தாள். கான்வென்ட்டில் எந்த மதர் அவளுக்கு அந்தப் பார்வையைக் கற்றுக்கொடுத்தார்களோ, அது அமலன் மேல் விழுந்தது.

"இவ்வளவு தெரிஞ்ச உங்க கையில அந்தப் போன் எப்படிச் செத்தது?"

"குளிர் அண்ணி. மைனஸ் இருபது."

"ஊட்டியிலயா?"

"நான் போன பக்கம் மட்டும்."

எமல்டா அலமாரியிலிருந்து பெரிய சிவப்பு ஹாட் பாக்ஸை எடுத்து மேடைமேல் வைத்தாள். அந்த வீட்டில் குளிர் பட்டால் கெட்டுப்போகும் எதுவும் அதற்குள்தான் போகும். உறை ஊற்றிய பால், தோசைமாவு, பன்னுக்கு ஊறும் ஈஸ்ட், எல்லாம். அதை விட்டால் ஊட்டியில் தயிரும் தோயாது, மாவும் பொங்காது.

"போன ஞாயிறு இதுல சுடச்சுட இட்லி வச்சுக் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் காலியா வந்தது. கழுவும்போது மூடிக்கு உள்பக்கம் இது ஒட்டியிருந்தது."

அவள் நீட்டிய விரல் நுனியில் வட்டமான ஸ்டிக்கர். சைக்கிள் சங்கத்தின் சின்னம். போன வாரம்வரை அமலனின் போன் முதுகில் இருந்தது. இப்போது ஓரம் சுருண்டு, அங்கங்கே தேங்காய்ச் சட்னி காய்ந்திருந்தது.

அமலன் அதை வாங்கிச் சட்னியை நகத்தால் சுரண்டினான்.

"தயிரெல்லாம் அதுக்குள்ள நல்லாத்தானே இருக்கு?" என்றான்.

கமலவேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க," என்றாள் எமல்டா. "அவலாஞ்சிப் புல்லெல்லாம் பனியில வெளுத்து, ஊரே விறைச்சுக் கிடந்த காலையில, போனை ஆவியில வேகவச்சுக் கொன்ன ஒரே மனுஷன் என் கொழுந்தனார். இன்னிக்குச் சாயங்காலம் இந்தச் சமையலறையில பேசினதுல இது ஒண்ணுதான் நிஜம். இதைத்தான் எவனும் நம்ப மாட்டான்."

சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினாள்.

"பனியனுக்குள்ள மட்டும்தான் வைப்பேன் அண்ணி," என்றான் அமலன். குரலில் காட்டெருமை இல்லை, ஒடிந்த வெளிச்சம் இல்லை. "இட்லியைத் தனியா பேப்பர்ல கட்டிக்கிறேன். பூசை முடியறதுக்குள்ள திரும்பிடுவேன். இந்தத் தடவை பதிவோட வருவேன்."

எமல்டா தட்டிலிருந்து இட்லிகளைப் பெயர்க்க ஆரம்பித்திருந்தாள். கமலவேணி டம்ளருக்குள் எதையோ தேடினாள். சகாயம் படித்து முடித்த பக்கத்தையே மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"தருவீங்களா, அண்ணி?"