சம்பந்தி வேட்டியில் நின்ற மை

மழை வந்தால் குடை நனைந்துவிடுமே என்று அதை வேட்டிக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டு ஓடிவருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க ஆசையிருந்தால் வேலாங்குழிக்குப் போங்கள். அங்கே அண்ணன் தம்பிகள் மூவர். மூத்தவர் பொன்னுரங்கம். தம்பிகள் கோதண்டம், ஏகாம்பரம். மூன்று பேருக்கும் சொன்னதைச் சொன்னபடியே செய்யவேண்டும் என்று ஒரு வைராக்கியம். கடவுள் மூளை பங்கிட வந்த அன்றைக்கு, 'யார் வந்தாலும் கதவைத் திறக்காதே' என்று யாரோ சொல்லிவைத்திருக்க வேண்டும்.

பொன்னுரங்கத்துக்கு ஒரே மகள், அமிர்தவல்லி. அவளுக்கு வந்த முதல் வரன்காரர்கள், "பொண்ணை அனுப்புங்க, பார்க்கலாம்" என்றார்கள். இவர் அவளை அவர்கள் ஊருக்கே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். அடுத்து வந்தவர்கள், "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். நிம்மதியாக யோசிக்கட்டுமே என்று அவர்களை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு எல்லோரும் வெளியே போய்விட்டார்கள்.

இப்போது மூன்றாவது வரன். இதுவும் தட்டிப்போனால் அவ்வளவுதான், சுற்றுவட்டாரத்தில் இந்த வீட்டு வாசலை மிதிக்க ஆளில்லை. பொன்னுரங்கத்துக்கு அதுதான் கவலை. வல்லிக்கோ வேறு கவலை.

"அப்பா, பிள்ளை எப்படி இருந்தாலும் சரி. புத்தியுள்ளவங்க நாலு பேர் இருக்கிற வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தா போதும் எனக்கு" என்றாள்.

பிள்ளையின் அப்பா சபாநாயகம், பத்திரம் எழுதியே தலை நரைத்தவர். மையைப் பற்றிப் பேசச் சொன்னால் சாப்பாட்டை மறந்துவிடுவார். பந்துமுனைப் பேனாவைக் கண்டாலே அவருக்குக் குமட்டும். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த கையோடு ஒரு கண்டிஷன் போட்டார்.

"லக்னப் பத்திரிகையை மைப்பேனாவுலதான் எழுதணும், சம்பந்தி. தண்ணி பட்டாலும் நிக்கிற மையா இருக்கணும். மையைப் பார்த்தே நான் குடும்பத்தைச் சொல்லிடுவேன். மை சரியில்லைன்னா நான் எழுந்து போய்க்கிட்டே இருப்பேன்."

அண்ணன் தம்பிகள் மூவரும் டவுனுக்குக் கிளம்பினார்கள். பேனாக் கடைக்காரர் இரண்டு ஜாடிகளைக் காட்டினார்.

"இது நீலம். பள்ளிக்கூடத்துப் பசங்க எழுதறது, கழுவினா போயிடும். இது நீலக்கருப்பு. நிக்கும். உங்களுக்கு எது?"

மூவரும் ஒதுங்கி நின்று ஆலோசித்தார்கள்.

"நிக்கிறதை வாங்குவோம்" என்றார் பொன்னுரங்கம்.

"அவசரப்படாதீங்கண்ணே. கல்யாணம்னா பொண்ணு நம்ம வீட்டை விட்டுப் போகணும், சம்பந்தம் நிக்கணும். போறதும் வேணும், நிக்கிறதும் வேணும்" என்றார் ஏகாம்பரம்.

தம்பிக்கு இருக்கிற அறிவைப் பார்த்துப் பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டையும் வாங்கினார்கள். கடைக்காரர் ஒரே மாதிரி இரண்டு சீசாவில் ஊற்றிக் கொடுத்து, ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். "வெயில் படாம வையுங்க. எழுதறதுக்கு முன்னாடி நல்லாக் குலுக்குங்க. சந்தேகமா இருந்தா புது வெள்ளைத் துணியில ஒரு சொட்டு விட்டுத் தண்ணி ஊத்திப் பாருங்க. எழுதினப்புறம் காயற வரைக்கும் கை வைக்காதீங்க."

பாவம் மனுஷன், ஊரில் எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னார். கேட்டது யார் என்று அவருக்குத் தெரியாதே!

வீட்டுக்கு வந்ததும் சீசா இரண்டையும் நெல் குதிருக்குள் இறக்கி, வெயில் படாமல் பத்திரமாக வைத்தார்கள். நிச்சயதார்த்தத்தன்று காலையில்தான் இடி விழுந்தது. முகூர்த்தம் பகலில். குதிரின் மூடியைத் திறந்தால் வெயில் உள்ளே போய்விடும்!

"வெயிலை அணைக்க முடியாது. நாமதான் அனுசரிச்சுப் போகணும்" என்றார் கோதண்டம்.

ஜமக்காளத்தைப் போர்த்திக்கொண்டு தம்பிகள் இருவரும் குதிருக்குள் தலையை விட்டுச் சீசாக்களை எடுத்தார்கள். அங்கேயே குலுக்கலும் நடந்தது. கோதண்டம் ஒரு சீசாவைத் திறந்து, பேய் பிடித்தவர் மாதிரி குலுக்கினார். தம்பிகள் இருவர் வேட்டியும் சுவரும் ஒரே மை மயம். பொன்னுரங்கத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மங்களகரமாக இருக்கட்டும் என்று மஞ்சளில் தோய்த்த வேட்டி கட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார்.

"மூடியைப் போட்டுக் குலுக்கக் கூடாதாடா?"

"குலுக்கச் சொன்னார். மூடச் சொல்லலையேண்ணே!"

பொன்னுரங்கம் தலையாட்டினார். நியாயம் கோதண்டம் பக்கம்தான் இருந்தது.

இனி பெரிய கேள்வி. கொட்டியது எந்த மை, மிஞ்சியது எந்த மை?

"கொட்டினது போச்சு இல்லையா? அப்ப அதுதான் போற மை. இது நிக்கிற மை" என்றார் ஏகாம்பரம்.

சத்தம் கேட்டு வந்த வல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "சித்தப்பா, சுவத்துல தண்ணி ஊத்திப் பாருங்க. தெரிஞ்சுடும்."

"துணியில ஊத்தச் சொன்னார். சுவத்துல ஊத்தச் சொல்லலையேம்மா" என்றார் கோதண்டம். குழந்தைக்கு விவரம் போதாது என்று அவருக்கு வருத்தம்.

அதற்குள் வாசலில் வண்டிகள் வந்து நின்றன. தாம்பாளங்கள் இறங்கின. பளபளவென்று சலவை மடிப்புக் கலையாத புது வெள்ளை வேட்டியில் சபாநாயகம் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தார். ஏகாம்பரம் பேனாவில் மை நிரப்பித் தாளின் முன் உட்கார்ந்தார். எழுதப் போனவர் சட்டென்று கையை நிறுத்தினார்.

"அண்ணே, சோதனை பண்ணலையே! புது வெள்ளைத் துணி வேணுமே!"

மூவரும் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். தங்கள் வேட்டிகளைப் பார்த்தார்கள். பிறகு மூன்று பேர் பார்வையும் ஒரே இடத்தில் போய் நின்றது.

ஏகாம்பரம் எழுந்து போய்க் கும்பிட்டார். அதே பணிவோடு சம்பந்தியின் வலது தொடைமேல் சீசாவைச் சாய்த்தார். ஒரு சொட்டுத்தான் விட நினைத்தார். சீசா சாய்ந்த வேகத்தில் ஒரு உள்ளங்கை அளவு விழுந்தது.

"அட படுபாவி!" சபாநாயகம் துள்ளி எழுந்தார். "இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா? எடுடா தட்டை! இந்தச் சம்பந்தமே வேண்டாம்!"

பொன்னுரங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். கதவோரம் நின்ற வல்லி கண்ணை மூடிக்கொண்டாள். கோதண்டம் மட்டும் அசரவில்லை. சோதனை இன்னும் பாதிதானே முடிந்திருக்கிறது? ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவந்து சம்பந்தியின் இடுப்பில் ஊற்றினார். தாளும் தாம்பாளமும் சேர்ந்து மிதந்தன.

சபாநாயகம் குனிந்து தொடையைப் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"ஏங்க, என்ன மை இது? அசையவே மாட்டேங்குதே!"

"நிக்கிற மை, சம்பந்தி" என்றார் பொன்னுரங்கம்.

"இதுவல்லவா மை! இந்த மையை வாங்கத் தெரிஞ்ச குடும்பத்துல பொண்ணு எடுக்கக் கொடுத்துவெச்சிருக்கணும். நல்ல நேரம் போறதுக்குள்ள எழுதுங்கய்யா!"

"தாள் ஊறிப்போச்சே" என்றார் ஏகாம்பரம்.

"தாளை எவன் நம்பினான்? இடது பக்கம் நனையலை பாருங்க, இதுலயே எழுதுங்க" என்று சபாநாயகம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

வல்லி கண்ணைத் திறந்தாள். மாமனாரை மேலும் கீழும் பார்த்தாள்.

ஏகாம்பரம் முழங்காலில் ஆரம்பித்துக் கணுக்கால் வரை எழுதினார். மணமகன் பெயரும் மணமகள் பெயரும் அழகாக உட்கார்ந்தன. வேட்டியின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார்கள். உடனே சபாநாயகம் விரலை உயர்த்தினார்.

"இது ஒரு பிரதி. பெண் வீட்டுப் பிரதி எங்கே? ரெண்டும் எழுதி மாத்திக்கிறதுதானே முறை?"

பொன்னுரங்கம் சும்மா இருப்பாரா? தன் மஞ்சள் வேட்டியை விரித்துக் காட்டினார். அதிலும் எழுதி முடித்தார்கள். இனி சம்பந்திகள் பத்திரிகையை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. இரண்டு பேரும் இடுப்பு முடிச்சில் கை வைக்கப் போனார்கள்.

"காயற வரைக்கும் கை வைக்கக் கூடாது!" என்று கத்தினார் கோதண்டம்.

"சரியான பேச்சு" என்று சபாநாயகம் கையை எடுத்துவிட்டார். "அப்ப வெயில்ல போய் நிப்போம், சம்பந்தி."

"வெயில் படக் கூடாதே!" என்றார் ஏகாம்பரம்.

சபாநாயகம் தாடையைத் தடவி யோசித்தார். கடைசியில் அவரே வழி சொன்னார். இரண்டு சம்பந்திகளும் நடுமுற்றத்து வெயிலில் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வெயில் படாமல் ஜமக்காளத்தால் அவர்களைச் சுற்றி மூடினார்கள். தம்பிகள் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

வல்லி முற்றத்துக்கு வந்து ஜமக்காளத்தின் முன்னால் நின்றாள். புத்தியுள்ளவர்கள் இருக்கும் வீடு எது என்று இனி அவள் யாரைக் கேட்பது?

"அப்பா, அந்த வீட்டுல மத்தவங்களும் மாமா மாதிரிதானா?"

ஜமக்காளத்துக்குள்ளிருந்து சபாநாயகத்தின் குரல் பெருமையோடு வந்தது. "சேச்சே, நான் எம்மாத்திரம்! என் பிள்ளை என்னைவிடக் கெட்டிக்காரன்மா. முகூர்த்தம் முடியற வரைக்கும் வண்டியைப் பார்த்துக்கடான்னு சொல்லிட்டு வந்தேன். வாசல்ல போய்ப் பாரு, இன்னும் கண் கொட்டாம அதையே பார்த்துக்கிட்டு நிப்பான்!"