செங்கோடன் சகோதரர்கள் ஹாட்பாக்ஸ் வாங்கப் போன கதை

வெள்ளாட்டுப்பாளையத்தில் பொழுது சீக்கிரம் விடிந்துவிடும், புத்திதான் கொஞ்சம் தாமதமாக விடியும். அந்த ஊரிலும் கடைசியாக விடிகிற வீடு, வாடகைப் பாத்திரக் கடை செங்கோடனுடையது. அவரும் தம்பிகள் பொன்னய்யனும் குப்பண்ணனும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்தது. அது செங்கோடனின் மனைவி பாவாயியிடம் இருந்தது.

அந்த ஓட்டு வீட்டில் மழை நாளில் உள்ளே நிற்பதும் வெளியே நிற்பதும் ஒன்றுதான். போன மழையில், ஒழுகிய தண்ணீரில் வழுக்கி விழுந்து பாவாயிக்குக் கால் பிசகிவிட்டது. ஓடு மாற்றவென்று பாங்கில் கொஞ்சம் பணம் சேர்த்திருந்தார்கள். அது கைவிட்டுப் போனால் அடுத்த மழையில் இன்னொரு காலும் போய்விடும் என்று அவளுக்குப் பயம். நியாயமான பயம்தான்.

அப்போது பார்த்து, டவுன் பெட்ரோல் பங்கில் செங்கோடன் எழுதிப் போட்ட கூப்பனுக்குப் பரிசு விழுந்ததாகப் போன் வந்தது. ஓட்டலுக்கு வந்து ஒரு மணி நேரம் அவர்கள் பேச்சைக் கேட்டால் ஹாட்பாக்ஸ் இலவசம்.

"ஏதோ விடுமுறை கிளப்பாம். ஆளை உட்கார வெச்சு அமுக்கி, எழுதி வாங்கிக்குவானுங்களாம்" என்றாள் பாவாயி. ஆனால் ஹாட்பாக்ஸை விட அவளுக்கும் மனசில்லை. "ரெண்டே விஷயந்தானுங்க. அவன் எது கேட்டாலும் 'வீட்டுல கேட்டுச் சொல்றேன்'னு சொல்லுங்க. எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க."

ஓட்டலுக்கு அண்ணன் தம்பி மூவருமே போனார்கள். டை கட்டிய நிர்மல் என்கிற பையன் பல்லெல்லாம் தெரிய வரவேற்றான். "வாங்க சார்! உங்க பேரு?"

செங்கோடன் வாயைத் திறந்தார். சட்டென்று ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். "வீட்டுல கேட்டுச் சொல்றனுங்க."

"அண்ணா, பேரைக்கூடவா வீட்டுல கேக்கோணும்?" என்றான் பொன்னய்யன்.

"எது கேட்டாலும்னு சொல்லியிருக்குதல்லோ? பேரு அந்த எதுல சேருமா, சேராதா?"

கொஞ்ச நேரம் விவாதித்து, சேரும் என்று தீர்மானித்தார்கள். போனில் கேட்கலாமே என்றான் நிர்மல். வீட்டில் கேட்கத்தான் உத்தரவு, போனில் கேட்க உத்தரவில்லை என்று செங்கோடன் பொறுமையாக விளக்கினார். குப்பண்ணன் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். போக அரை மணி, வர அரை மணி.

"கேட்டுட்டனுங்க. அண்ணன் பேரு செங்கோடனாம்."

செங்கோடனுக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது. அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

"காபி சாப்பிடறீங்களா, டீயா?" என்று நிர்மல் கேட்டுத் தொலைத்தான். மொபெட் மறுபடி கிளம்பியது. காபிதானாம், சர்க்கரை கம்மியாக. அந்தக் காபி வருவதற்குள் நிர்மலுக்கே தலைவலி வந்திருந்தது.

இனிக் கேள்வியே கூடாது என்று அவன் மளமளவென்று சொல்ல ஆரம்பித்தான். மலை மேல் ஒரு வில்லா. ஐம்பத்திரண்டு குடும்பத்துக்குச் சொந்தம். ஆளுக்கு வருஷத்தில் ஒரு வாரம். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் பாதி விலை. யாராவது சேர்ந்தால் மணி அடித்தார்கள், எல்லாரும் கை தட்டினார்கள். செங்கோடனுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது.

"சேர்றீங்களா சார்?"

மூன்றாவது தடவை போன குப்பண்ணன் வாடிய முகத்தோடு வந்தான். "மொபெட் சத்தம் கேட்டதுமே அண்ணி கத்துறாங்கண்ணா. 'இனி என்னை ஒண்ணும் கேக்காதீங்க, நீங்களே முடிவு பண்ணித் தொலைங்க'ன்னுட்டாங்க. கேள்வியைச் சொல்லவே விடலை."

மொத்தக் கூரையும் தன் தலையில் இறங்கிய மாதிரி இருந்தது செங்கோடனுக்கு. அவர் வாழ்க்கையில் தானாக முடிவு பண்ணியதே கிடையாது. வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, அந்த வில்லா ஒழுகுமுங்களா?"

"ஒரு சொட்டு ஒழுகாது சார்!"

"அப்பச் சரி. கூரைக்கு வெச்ச பணம் கூரைக்குத்தானே போகுது" என்றார் செங்கோடன்.

"அதும் ஒழுகாத கூரைக்கு" என்றான் பொன்னய்யன்.

மணி அடித்தது. கைதட்டல் கேட்டது. நிர்மல் படிவத்தையும் பேனாவையும் நீட்டினான்.

"சேர்ந்தாச்சுங்க. கையெழுத்து மட்டும் போட மாட்டோமுங்க."

"கையெழுத்துப் போட்டாத்தான் சார் சேர்ந்ததா அர்த்தம்!"

"மணி அடிச்சீங்களே?"

நிர்மலின் மேனேஜர் வந்தார். பிறகு அவருக்கு மேலே ஒரு மேனேஜர் வந்தார். கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், விலையை இன்னும் பாதியாக்கினார்கள். மூன்று சகோதரர்களும் பேனாவைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் ஓட்டல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியபோது, நிர்மல் ஹாட்பாக்ஸைக் கையில் திணித்தான். அதற்கும் ரசீதில் ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. அதையும் அவனே போட்டுக்கொண்டு, பெரிய கும்பிடாகப் போட்டு வழியனுப்பினான்.

பணம் பத்திரமாக இருக்கிறது என்று கேட்டதும் பாவாயிக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கே ஓடு மாத்த ஆளுக்குச் சொல்லிப்போடுங்க" என்றாள்.

மறுநாள் காலை வெளியே போன செங்கோடன், மத்தியானம் ஒரு பெரிய அண்டாவும் கரண்டியுமாக வேர்க்க விறுவிறுக்கத் திரும்பினார். அண்டாவைத் தட்டித் தட்டி அது ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கூடவே போயிருந்த பொன்னய்யனின் உள்ளங்கை, கை தட்டித் தட்டிச் சிவந்திருந்தது.

"ஆளுக்குச் சொன்னீங்களா?"

"ஓடே மாத்த வேண்டியதில்லை பாவாயி. ஊர்ல நம்மளோட சேர்த்து ஐம்பத்திரண்டு குடும்பம். ஆளுக்கு ஒரு வாரம்னு நம்ம வீட்டைப் பிரிச்சுக் குடுத்துட்டேன். வருஷத்துல ஒரே ஒரு வாரம் இருக்கற வீட்டுக்குப் போய் யாராச்சும் கூரை மாத்துவாங்களா?"

பாவாயி கேட்டாள்: "எவ்வளவுக்குக் குடுத்தீங்க?"

"விலை சொன்னா யோசிக்க ஆரம்பிச்சிருவாங்கன்னு சும்மாதான் குடுத்தேன். பயப்படாத, ஒருத்தருக்கும் கையெழுத்துப் போடலை."

"நம்ம வாரம் எதுங்க?" என்றாள் அவள் ஈனசுரத்தில்.

செங்கோடனின் முகம் மலர்ந்தது. "அதுல பாரு நம்ம அதிர்ஷ்டத்தை! வெயில் மாசமெல்லாம் அடிச்சுப் பிடிச்சு எடுத்துட்டாங்க. ஐப்பசி அடைமழையில ஒரு வாரம் மட்டும் எவன் கண்ணுலயும் படாம கிடந்துச்சு. இன்னைக்கு ஒரு நாள்தான்னு நானே மணி அடிச்சு, நானே எடுத்துட்டேன்!"