எஸ்தர் அக்கா வீட்டு வாகையும் மடக்குக்கை கிரேனும்

கூத்தநேரியில் ஆவுடையப்பனும் அவன் மச்சினன்மார் இசக்கியும் பலவேசமும் மரம் வெட்டும் தொழில் தொடங்கினார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்கள்.

முதல் வேலை தையல்கார எஸ்தர் அக்கா வீட்டில் கிடைத்தது. பின்பக்கத்து வாகை மரம் அவளுடைய ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்து நின்றது. புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னதிலிருந்து அக்காவுக்குத் தூக்கமே இல்லை.

"கிரேன் வச்சு வெட்டுங்கடே. ஒரு ஓடுகூட உடையப்படாது."

"உடையாதுக்கா. சத்தியம்."

கிரேன் வாடகைக்கு விடும் செல்லையா அண்ணாச்சி பொறுமைசாலி. "லாரி கிரேன் பெரிய பாரம் தூக்கும். இந்த மடக்குக்கை கிரேன் முழங்கை மாதிரி மடங்கி வீட்டைத் தாண்டிப் போவும், ரிமோட்ல ஓட்டலாம். ஆனா பாரம் கம்மியாத்தான் தாங்கும். மரம் என்ன எடைன்னு பாத்துட்டு வாங்க, எது தோதுன்னு சொல்லுதேன்."

மூவரும் டீக்கடையில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நிக்குத மரத்தை எப்பிடி எடை போட?" என்றான் இசக்கி.

"எடைமேடைக்குக் கொண்டு போவணும்," என்றான் பலவேசம்.

"வேரோட நிக்குதே, வருமா?"

"வெட்டுனா வரும்," என்று முடித்தான் ஆவுடையப்பன். மச்சினன்மார் இருவரும் அவனை மரியாதையோடு பார்த்தார்கள்.

அக்கா டவுனுக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். சத்தியம் செய்தவர்கள் அல்லவா, முதலில் கூரை ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தெருவில் அடுக்கினார்கள். பிறகு மரத்தை வெட்டினார்கள். அது நேரே வீட்டுக்குள் விழுந்தது. உத்திரம் ஒடிந்தது, கட்டில் நொறுங்கியது. ஓட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மரத்தை டிராக்டரில் கட்டி இழுத்துப் போய் எடை போட்டு, அண்ணாச்சியிடம் சொன்னார்கள்.

"மடக்குக்கையே போதும். ரிமோட் பிடிக்கவன் தள்ளி நிக்கணும், மரத்தை விட்டுக் கண்ணை எடுக்கப்படாது," என்றார் அவர், பாவம்.

மரத்தையும் கிரேனையும் அக்கா வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். ரிமோட்டைப் பிடித்த இசக்கி மரத்தையே பார்த்தபடி பின்னால் நடந்து நடந்து எருக்குழிக்குள் விழுந்தான். இடுப்பளவு சாணியில் நின்றும் கண்ணை எடுக்கவில்லை. அங்கிருந்தே மரத்தைத் தூக்கினான்.

அந்நேரம் அக்கா வந்து சேர்ந்தாள். வீட்டைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"பாவிகளா! வெட்டுன மரத்துக்கு எதுக்குடே கிரேன்?"

ஆவுடையப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. "என்னக்கா இப்பிடிக் கேக்கிய? கிரேன் வச்சு வெட்டுறதாத்தானே பேச்சு? நாங்க வாக்கு மாற மாட்டோம்."

வாகை பழைய இடத்தில், அடிக்கட்டை மேலேயே, முன்போலவே வீட்டுப் பக்கம் சாய்ந்து நின்றது. கிரேன் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. பலவேசம் வெட்டுவாயைச் சுற்றிக் களிமண் பூசி ஒரு வாளி தண்ணீரும் ஊற்றினான். காற்று வேறு கிளம்பிவிட்டது.

"சரிடே, இப்பவாவது வெட்டித் தொலைங்க!" என்று அலறினாள் அக்கா.

"அவசரப்பட்டா எப்பிடிக்கா?" என்றான் ஆவுடையப்பன். "மொதல்ல வேர் பிடிக்கட்டும்."