பெருவிரல் அகலம்

“போர்வை தைக்கப் படிக்கணும் தாயி. மூணு நாள்ல முடியுமா?”

ஆவுடை நிமிரவில்லை. தைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் மூணு நாளு?”

“மார்கழி வருதுல்லா.”

“அது வருஷா வருஷம் வரும், அண்ணாச்சி. உக்காருங்க.”

திருமேனி உட்கார்ந்தான். மடியில் ஒரு துணி மூட்டை.

மலையில் பாதி தூரத்தில் இருக்கிறது அந்தச் சத்திரம். மேலே கோயில். ஏறிப் போகிறவர்கள் சுனையில் குளித்துவிட்டு, உடுத்தியிருந்த பழந்துணியை அங்கேயே விட்டுவிடுவார்கள். வழக்கம் அப்படி. ஆவுடை அதைப் பொறுக்குவாள். துவைப்பாள். துண்டுதுண்டாக வெட்டிச் சேர்த்து, இரண்டு துணிக்கு நடுவில் இலவம்பஞ்சு வைத்துப் போர்வையாகத் தைப்பாள். சத்திரத்தில் படுக்கிறவர்கள் அதைத்தான் போர்த்திக்கொள்வார்கள்.

அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். திருமேனிக்கு அறுபது. சின்னவளிடம் படிப்பது அவனுக்கு முதலில் உறுத்தியது. பிறகு மறந்துவிட்டான்.

மூடுபனி ஒரு ஜன்னல் வழியாக வந்து மறு ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

“யாருக்குப் போர்வை?”

“தம்பிக்கு.”

“கடையில கிடைக்குமே.”

திருமேனி சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான்.

இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து வயல். நடுவில் ஒரு வரப்பு. வருஷா வருஷம் மண்வெட்டியால் வரப்பின் ஓரத்தைச் சீவிவிடுவது ஊர்வழக்கம். புல் போகும். கூடவே நாலு விரல் நிலம் தன் பக்கம் சேரும். அண்ணன் அவன் பக்கம் சீவினான். தம்பி வெயிலுமுத்து அவன் பக்கம் சீவினான். ஒருவரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. கடைசியில் வரப்பு கத்தி மாதிரி நின்றது. ஐப்பசி மழையில் ஓர் இரவு அதுவும் போயிற்று. மேட்டில் இருந்த அண்ணன் வயல் தண்ணீர் மொத்தமும் தம்பி வயலில் இறங்கியது. வெயிலுமுத்து மறுநாள் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்று மண் போட்டுப் பார்த்தான். நிற்கவில்லை. நாற்று அழுகியது. அவனுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போயிற்று. குளிர் போகவில்லை. வெயிலில் உட்கார்ந்தாலும் நடுங்குகிறான்.

திருமேனி ஒரு கம்பளி வாங்கி அனுப்பினான். திரும்பி வந்துவிட்டது.

“என்ன சொல்லி அனுப்புனாரு?”

“கடைக் கம்பளியை எவன் வேணாலும் குடுப்பான்னு.”

ஆவுடை முதல் தடவையாக ஊசியை நிறுத்தினாள்.

“சரியாத்தான் சொல்லியிருக்காரு.”

மூட்டையில் என்ன என்று கேட்டாள். தன்னுடைய பழைய வேட்டிகள் நாலு என்றான். தம்பியுடைய நீலக் கைலிகள் மூன்று. தம்பி பெண்டாட்டி பகவதி, புருஷனுக்குத் தெரியாமல் கொல்லைப்பக்கமாக வந்து கொடுத்தது.

ஆவுடை கைலியை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டாள். தண்ணீர் நீலமாயிற்று.

“துவைச்சதுதான் தாயி.”

அவள் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினாள். அதுவும் நீலம்.

சாயம் நிற்க இரண்டு நாள் ஆயிற்று. அவன் கேட்ட மூன்றில் இரண்டு அதிலேயே போயிற்று.

பிறகு ஊசியும் நூலும் கொடுத்தாள். அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு அவன் நாலு முழம் நூல் எடுத்தான். பத்துத் தையலுக்குள் அது சிக்கலாகிவிட்டது.

“இது நூலா, கிணத்துக் கயிறா?” என்றாள். முழங்கையளவுக்கு நறுக்கிக் கொடுத்தாள்.

சதுரம் வெட்ட ஓர் அட்டை கேட்டான். ஒரு சாண் அட்டை கொடுத்தாள். ஐம்பத்துநாலு சதுரம் வெட்டினான். சத்திரத்துத் தரையில் நெருக்கிப் பரப்பினான். தம்பியும் அவனும் ஒரே உயரம். அதனால் பக்கத்தில் மல்லாந்து படுத்து அளந்து பார்த்தான். தலை முதல் பாதம் வரை சரி.

இடது பாதி முழுக்க அவன் வேட்டி. வலது பாதி முழுக்கத் தம்பி கைலி. நடுவில் ஒரு கோடு.

ஆவுடை வந்து நின்று பார்த்தாள்.

“யாருக்கும் கூடக்குறையக் கூடாதுல்லா” என்றான்.

அவள் குனிந்து ஒரு நீலத்தை எடுத்து வெள்ளைக்குள் வைத்தாள். அந்த வெள்ளையை எடுத்து நீலத்துக்குள் வைத்தாள். கொக்குக் கூட்டத்தில் காக்கா மாதிரி இருந்தது. போய்விட்டாள்.

திருமேனி அந்த இரண்டு துண்டையும் பார்த்தான். பிறகு எல்லாத் துண்டையும் கலைத்தான். ஒன்று விட்டு ஒன்று வைத்தான்.

தைக்க ஆரம்பித்தான்.

மலையில் நாள் தெரிவதில்லை. பனி இறங்கினால் நிழல் கிடையாது. காலை எது, மாலை எது என்று கஞ்சி வருவதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அறையில் இலவம்பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். பனி எது, பஞ்சு எது என்றும் தெரியாது. ஊசி மட்டும் தெரியும். உள்ளே போகும். வெளியே வரும்.

அவன் உட்கார்ந்தபடியே தூங்கினான். கனவில் வரப்பில் நடந்தான். முன்னால் அவன். பின்னால் அவன் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு வெயிலுமுத்து. இருவருக்கும் சின்ன வயதா, இந்த வயதா என்று தெரியவில்லை. ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். திரும்பிப் பார்த்தான். துண்டின் நுனி காற்றில் கிடந்தது. குனிந்து பார்த்தான். காலுக்குக் கீழே வரப்பு இல்லை. தண்ணீர்தான் இருந்தது. ஆனாலும் நின்றுகொண்டிருந்தான்.

முழித்தான். கையில் ஊசி அப்படியே இருந்தது.

ஒன்பதோ பத்தோ நாளில் ஐம்பத்துநாலு துண்டையும் சேர்த்துவிட்டான். அளந்து பார்த்தான். ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. அவனுக்குச் சந்தோஷம். துணியை வீணாக்கக் கூடாது என்று ஓரத்திலேயே, இரண்டு இழை மட்டும் விட்டுத் தைத்திருந்தான்.

அவளிடம் காட்டினான். நீட்டிய கையோடு நின்றான்.

ஆவுடை வாங்கவில்லை. வெளியே பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“உதறுங்க.”

“எதுக்கு?”

“போர்வைன்னா நாளும் உதறணும்லா. உதறுங்க.”

இரண்டு முனையைப் பிடித்து உதறினான்.

டர்ரென்று ஒரு சத்தம். பழந்துணி. ஓர இழை நூலோடு உருவிக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை உதறக்கூட வேண்டியிருக்கவில்லை. வெள்ளையும் நீலமுமாகத் துண்டுகள் பனிக்குள் பறந்தன. சில பாறையில் விழுந்தன. சில விழுவதற்கு யோசித்துக்கொண்டு அப்படியே மிதந்தன. அவன் கையில் இரண்டு மூலைத் துண்டு மட்டும் மிஞ்சின.

அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

“அவன் நடுங்கிக்கிட்டுக் கிடக்கான் தாயி.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் நீ சொல்லலியே.”

“சொல்லியிருந்தா அளவு குறையுதுன்னு என்கூடச் சண்டைக்கு வந்திருப்பீய.”

அது உண்மை. அவன் எழுந்தான்.

துண்டுகளைப் பொறுக்க அன்று பகல் முழுதும் ஆயிற்று. ஒன்று கிடைக்கவில்லை. பள்ளத்தில் போயிருக்கும். சுனையடித் துணியிலிருந்து ஒரு மஞ்சள் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

“எவ்வளவு உள்ள விடணும்?” என்று கேட்டான்.

அவள் தன் பெருவிரலைக் காட்டினாள்.

“அவ்வளவா? ரெண்டு துண்டுலயுமா?”

“ரெண்டுலயும்.”

மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். ஒரு வரிசைக்கு இவ்வளவு என்றால் ஒன்பது வரிசைக்கு எவ்வளவு. நல்ல துணி. யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய்விடும். அவனுக்குப் பொறுக்கவில்லை.

“வீணாத்தானே போகுது?”

ஆவுடை தான் தைத்துக்கொண்டிருந்த போர்வையின் மேல்துணியைப் புரட்டி அவன் மடியில் போட்டாள். இன்னும் பஞ்சு வைக்காத துணி.

“கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க.”

தடவினான். இரண்டு துண்டு சேர்கிற இடத்தில் மடிப்பு மேடாக இருந்தது. விரல் அதன்மேல் ஏறிப் போயிற்று. இரண்டு பக்கமும் பள்ளம். நடுவில் மேடு. மேடு நேராகப் போய் இன்னொரு மேட்டில் சேர்ந்தது. அங்கே திரும்பினான். மறுபடியும் மேடு.

விரல் நின்றுவிட்டது.

இந்த மேடு கைக்குப் புதிது. காலுக்குப் புதிதில்லை.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. பனி வந்து முகத்தில் பட்டுப் போயிற்று.

“உங்க வீட்டுல இருந்து தம்பி வீட்டுக்கு எப்படிப் போவீய, அண்ணாச்சி?”

“இப்பமா? ரோட்டைச் சுத்தித்தான்.”

“முந்தி?”

அவன் ஊசியைத் தேடினான்.

இரண்டாம் தடவை பெருவிரல் வைத்து வைத்துத் தைத்தான். அவசரப்படவில்லை. தையல் கோணிற்று. பிரிக்கட்டுமா என்று கேட்டான். குளிர் வந்து கோணலைப் பார்க்குமா என்று அவள் கேட்டாள். பஞ்சு வைத்தார்கள். மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துக்கொண்டு போனார்கள்.

முடிந்ததும் பக்கத்தில் படுத்துப் பார்த்தான். பாதம் வெளியே நின்றது.

“சின்னதாப் போச்சே.”

“காலை மடக்கிக்குவாரு.”

பாறையில் போய் உதறினான். படபடவென்று பெரிய பறவை மாதிரி அடித்தது. ஒரு நூல் பிரியவில்லை.

போகும்போது கேட்டான். “இதை அவன்கிட்ட எப்படி தாயி குடுக்க?”

ஆவுடை அடுத்த துணியை வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ரோட்டைச் சுத்திப் போகாதீய.”

திருமேனி மலையிறங்கினான். வீட்டுக்குள் போகவில்லை. போர்வையை வயலோரப் பனையில் சொருகி வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான்.

மண் தன் வயலில் எடுத்தான். தன் நாற்றைப் பிடுங்கிவிட்டு எடுத்தான். வரப்பு ஒரு முழ அகலம் வைத்தான். மிதித்தான். மறுபடி வைத்தான். சேறு. கரைந்தது. மறுபடி வைத்தான். முதல் நாள் பார்த்தவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் பார்த்துவிட்டுப் போனார்கள். பகவதி கொல்லைப்பக்கம் நின்று பார்த்தாள். உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் காலை. வயலெல்லாம் பனி. மலையில் இருந்த பனியே அவன்கூட இறங்கி வந்த மாதிரி இருந்தது. பத்தடிக்கு அப்பால் எல்லாம் நிழலாகத்தான் தெரிந்தது.

திருமேனி கடைசி மண்ணை வைத்துத் தட்டிவிட்டு நிமிர்ந்தான்.

வரப்பின் அந்தக் கோடியில் யாரோ நின்றார்கள். பிறகு நடந்து வந்தார்கள். காலால் அழுத்தி அழுத்திப் பார்த்து வைத்து, மெதுவாக. கைகளை மார்போடு கட்டியிருந்தது தெரிந்தது. நடுங்குவது தெரிந்தது.

வெயிலுமுத்து. பாதி வரப்பில் நின்றான்.

திருமேனி பனையிலிருந்து போர்வையை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கமிருந்து நடந்தான். அவனும் பாதியில் நின்றான். நடுவில் நாலு முழம்.

தம்பி அண்ணனைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தான்.

“வரப்பு கோணலா இருக்கு.”

“போர்வையும் அப்படித்தான்” என்றான் திருமேனி.

வெயிலுமுத்து கட்டியிருந்த கையைப் பிரித்து நீட்டினான்.