மூச்சு முட்டிய வண்டி

தோவாளையில் மல்லிகை வாசத்தோடு பொழுது விடிந்த அந்த நாட்களில், பூ வியாபாரி கோமதிநாயகத்தின் டீசல் பிக்கப்பை ஓட்டியவர் பேச்சிமுத்து. ஏற்றத்தில் வண்டி அடிக்கடி இழுவையில்லாமல் திணறும். முதலாளி வந்து, டீசல் திருட்டுப் போயிருக்கிறதோ என்று டேங்க் மூடியைத் திறந்து பார்த்ததும் வண்டி சீறிக் கிளம்பும்.

"என்னைக் கண்டா மட்டும் ஓடுதே! இன்னைக்கு என் முன்னால வண்டி திணறணும். இல்லேன்னா சாவியைக் குடுத்துட்டுப் போ!"

"வாங்க மொதலாளி. மூடியை மட்டும் திறக்காதீங்க."

முதலாளியும் ஏறிக்கொள்ள, பாதி ஏற்றத்தில் வண்டி திணறி நின்றது. பேச்சிமுத்து இறங்கி டேங்க் மூடியைத் திருகித் திறந்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது, வண்டி கிளம்பியது.

"திருட்டுக்குப் பயந்து நீங்க மூடியில சுத்தின ரப்பர், டீசல் குறையக் குறைய உள்ள காத்துப் போற ஓட்டையை அடைச்சிட்டுது. உங்க சந்தேகத்துலதான் வண்டிக்கு மூச்சு முட்டுது."

முதலாளி ரப்பரைப் பிய்த்தெறிந்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

வண்டி பழைய இரும்பாக எடைக்குப் போய் வெகுகாலமாயிற்று. சந்தேகப் பேர்வழியைக் கண்டால், பூச்சந்தையின் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள்: "ரப்பரைக் கழட்டும்வே!"