சோள விஸ்கி ருசித்த துரை

மலை எஸ்டேட் ஒன்றில் கிருபாகரன் என்று ஒரு துரை. தன் நாக்குக்கு மாலை போட்டுக் கும்பிடாத குறைதான் அவருக்கு. சோள விஸ்கியில் தண்ணீர் கலந்துவிட்டான் என்று பட்லர் சவரிமுத்துவை அடித்து, விறகு அறையில் பூட்டிவிட்டார். சாயங்காலம் போலீஸ் வரும் என்றார்கள். கைக்குழந்தையோடு ஓடிவந்தாள் அவன் பெண்சாதி பிலோமினா.

"சாட்சி யாருங்க துரை?"

"என் நாக்கு! முதலில் வறுத்த சோளம், பிறகு தேன், கடைசியில் கருகின பீப்பாய் மரம். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ந்தாலும் கண்டுபிடித்துவிடும். அது பொய் என்று காட்டு, அவனை விட்டுவிடுகிறேன்."

அன்று விருந்துக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். பிலோமினா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அந்த நாக்கை ஒரு தடவை விசாரிக்கலாங்களா? மூடி திறக்காத புதுப் பாட்டில், தண்ணி கலந்ததுன்னு சொல்ற பழைய பாட்டில், ரெண்டையும் டாக்டரய்யாவே ஊத்தட்டும்" என்றாள். விருந்துக்கு வந்த டாக்டரை உள்ளே அழைத்துப்போய்க் காதில் ஏதோ சொன்னாள்.

டாக்டர் ஒரு கண்ணாடிக் கோப்பையும், வேலைக்காரர்கள் காப்பி குடிக்கும் நசுங்கிய அலுமினிய டம்ளரும் கொண்டுவந்தார்.

கோப்பையை உறிஞ்சிய துரை கண்களை மூடிக்கொண்டார். "ஆகா, சோளக்காடே மணக்கிறது!" டம்ளரை வாயில் வைத்ததும் துப்பினார். "இதுதான் அந்தத் திருட்டுப்பயல் தண்ணீர் கலந்தது!"

"ரெண்டுமே புதுப் பாட்டில்தான் கிருபாகரன். நானே மூடி திறந்து ஊற்றினேன்" என்றார் டாக்டர்.

கூடமே குலுங்கிச் சிரித்தது. துரை மட்டும் சிரிக்கவில்லை. விறகு அறைச் சாவியை பிலோமினாவின் காலடியில் விட்டெறிந்தார்.

வீங்கிய முகத்தோடு வெளியே வந்த சவரிமுத்து, "பொழைச்சோம் புள்ள" என்றான்.

"சிரிச்சது அவங்க. துரையோட ஆத்திரம் நம்ம மேலதான் விடியும். துணிமணிய மூட்டை கட்டிட்டேன், நடங்க. கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்."